‘வரவில்லை’ என்று அச்சிட்டுவிட்டார்கள்

நாடாளுமன்ற உறுப்பினர்கள் எந்தச் சட்டத்துக்கு எப்படி வாக்களித்தார்கள் என்பதைத் தமிழில் அட்டவணையாகத் தொகுத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை சந்தாதாரர்களுக்கு அனுப்பும் ஒரு சிறு தாளை ஓராண்டாகப் பணம் கட்டி வாங்கிவருகிறேன். ஆண்டுச் சந்தா 400 ரூபாய். நடத்துபவர்கள் மூன்று நான்கு பேர்தான், இதில் அவர்களுக்கு லாபம் ஏதும் இருப்பதாகவும் தெரியவில்லை. ஆகவே பெயரைச் சொல்லாமலே எழுதுகிறேன். மதுரையில் இதை வாங்குகிறவர்களுக்கு எதைப் பற்றிப் பேசுகிறேன் என்பது புரியும். நான்காவது இதழ் முழுக்கக் கண்காணிப்புச் சட்டங்களைப் பற்றியது. தொலைபேசி ஒட்டுக்கேட்பு, தபால் இடைமறிப்பு, கைரேகைச் சேகரிப்பு, தனிநபர் தரவு ஆகியவை தொடர்பான சட்டங்களில் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று அது மதிப்பெண் போடுகிறது. இந்த மதிப்புரை பெரும்பாலும் அந்த இதழைப் பற்றியது.

தாளின் தோற்றத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 36 பக்கம், நடுவில் பின் அடித்தது, எழுத்து சற்றுப் பொடி. ஆனால் முதல் ஆறு பக்கங்களில் உள்ள சொல் விளக்கம், தமிழில் இந்த விஷயத்தில் நான் படித்தவற்றுள் மிகத் தெளிவானது. குரல் வாக்கெடுப்பில் அவைத்தலைவர் ‘ஆம்’, ‘இல்லை’ ஓசைகளைக் கேட்டு முடிவைச் சொல்கிறார். அதை ஓர் உறுப்பினர் ஏற்க மறுத்து ‘டிவிஷன்’ கேட்டால் புறக்கூடங்களைக் காலி செய்யச் சொல்கிறார்கள். மூன்றரை நிமிடம் கழித்து அதே கேள்வி இரண்டாம் முறை அவைமுன் வைக்கப்படுகிறது. அதன் பிறகும் மறுப்பு நீடித்தால்தான் பெயர் பெயராகப் பதிவாகும் வாக்கெடுப்பு நடக்கும். இந்த வரிசையை இவ்வளவு நிதானமாக விளக்கியவர்கள் வேறு யாரும் எனக்குத் தென்பட்டதில்லை. ஒத்தக்கடையில் உயர் நீதிமன்றக் கிளை தொடங்கிய 2004 முதல் அங்கே வழக்காடிவரும் எனக்கே அந்த மூன்றரை நிமிடக் கணக்கு புதிது. ஒரே ஒரு குறை, ஆதார் பற்றிய பதிவில் ‘பண மசோதா’ என்று இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் ‘நிதி மசோதா’ என்று போட்டிருக்கிறார்கள். அரசமைப்புச் சட்டத்தில் இரண்டும் வேறு வேறு. 2016இல் ஆதார் மசோதா பண மசோதாவாகக் கொண்டுவரப்பட்டதால்தான் மாநிலங்களவையால் திருத்தங்களைப் பரிந்துரைக்க மட்டுமே முடிந்தது; அது பரிந்துரைத்த ஐந்தையும் மக்களவை அன்றே, மார்ச் 16ஆம் தேதியே, நிராகரித்தது. ஆதாரை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் நடந்த வழக்கின் ஒரு முக்கிய வாதமே அந்த ஒரு சொல்லில்தான் இருந்தது.

விளக்கத்தைத் தாண்டி மதிப்பெண் அட்டவணைக்குள் நுழைந்ததும் சிக்கல் ஆரம்பிக்கிறது. தனியுரிமைக்கு ஆதரவான வாக்குக்கு ஒரு மதிப்பெண், எதிரான வாக்குக்கு ஒன்று குறைவு, அவையில் இல்லாவிட்டால் பூச்சியம். பக்கத்தில் ‘வரவில்லை’ என்ற குறிப்பு. இந்த இதழ் வந்த வாரத்தில் நீதிமன்ற வாசல் டீக்கடையில் என் ஜூனியர் அதை விரித்து வைத்துக்கொண்டு, “சார், இங்க பாருங்க, நம்ம எம்.பி. அன்னிக்கு வரவே இல்லயாம். மேடையில மட்டும் ஒட்டுக்கேட்பு பத்தி நல்லாப் பேசுறாங்க” என்றார். அவர் விரல் வைத்திருந்த இடம் 2023 டிசம்பர் 20, தொலைத்தொடர்பு மசோதா மக்களவையில் நிறைவேறிய நாள். “அன்னிக்கு அவரை உள்ளேயே விடலையேப்பா” என்று சொன்னேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அச்சில் இருக்கிறதே என்றார்.

நடந்தது இதுதான். 2023 டிசம்பர் 13ஆம் தேதி மக்களவைக்குள் பார்வையாளர் மாடத்திலிருந்து இருவர் குதித்ததைத் தொடர்ந்து, உள்துறை அமைச்சர் அவையில் விளக்கமளிக்க வேண்டும் என்று எதிர்க்கட்சியினர் முழக்கமிட்டார்கள். மறுநாள் இடைநீக்கம் செய்யப்பட்டவர்களில் மதுரை உறுப்பினர் சு. வெங்கடேசனும் விருதுநகர் உறுப்பினர் மாணிக்கம் தாகூரும் உண்டு. இடைநீக்கம் கூட்டத்தொடரின் எஞ்சிய நாட்கள் முழுவதற்கும் பொருந்தும். தொடர் முடிவதற்குள் இரு அவைகளிலும் சேர்த்து அந்த எண்ணிக்கை 146ஐத் தொட்டது. தபால்களை இடைமறிக்க அதிகாரம் தரும் 9ஆம் பிரிவைக் கொண்ட அஞ்சலக மசோதா மக்களவையில் 18ஆம் தேதியும், 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் இடத்துக்கு வந்த தொலைத்தொடர்பு மசோதா 20ஆம் தேதியும் நிறைவேறின. மதுரை மாவட்டம் மூன்று மக்களவைத் தொகுதிகளில் சிதறிக் கிடப்பது தெரிந்ததே: மேலூர்க்காரருக்கு மதுரை, திருமங்கலத்தாருக்கும் திருப்பரங்குன்றத்தாருக்கும் விருதுநகர், உசிலம்பட்டி, சோழவந்தான் மக்களுக்குத் தேனி. அந்த இரண்டு நாட்களிலும் இவற்றில் இரண்டு தொகுதிகளுக்கு அவையில் ஆள் இல்லை. இதை ‘வரவில்லை’ என்ற ஒற்றைச் சொல்லில் அடைப்பது, பூட்டிய கதவுக்கு வெளியே நின்றவனைத் தூங்கிவிட்டான் என்று எழுதுவதற்குச் சமம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. டிசம்பர் 14ஆம் தேதிப் பட்டியலில் அன்று அவைக்கே வராத சேலம் உறுப்பினர் எஸ்.ஆர். பார்த்திபனின் பெயரும் இருந்தது, பிறகு நீக்கினார்கள். வராதவரை வந்தவராக எண்ணியது அவை. வெளியேற்றப்பட்டவரை வராதவராக எண்ணுகிறது இந்தத் தாள்.

இதைவிடப் பெரிய கோளாறு, இந்த மசோதாக்களுக்கு மதிப்பெண் எங்கிருந்து வந்தது என்பது. தொலைத்தொடர்பு மசோதாவும் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேறியது, 2023 ஆகஸ்ட் 7ஆம் தேதி மக்களவையில் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவும் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேறியது. குரல் வாக்கெடுப்பில் யார் ‘ஆம்’ என்றார், யார் வாயே திறக்கவில்லை என்பதற்குப் பதிவு கிடையாது. அப்படியிருக்க 500க்கும் மேற்பட்ட உறுப்பினர்களுக்கு ஆளுக்கொரு மதிப்பெண் எப்படிப் போட முடிந்தது என்று தேடினேன். 29ஆம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில், ‘கட்சியின் அறிவிக்கப்பட்ட நிலைப்பாட்டின்படி கணக்கிடப்பட்டது’ என்று கண்டேன். ஊகத்தைப் பதிவு போல அச்சிடுவது ஒரு வழக்கறிஞனுக்கு அடிவயிற்றில் எரிச்சலைக் கிளப்பும் காரியம். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு, ‘பதிவு இல்லை’ என்று எழுதியிருந்தால், வாசகர் அந்த வெறுமையைப் பார்த்து, டிவிஷன் ஏன் நடக்கவில்லை, யார் கேட்டார்கள், யார் கேட்கவில்லை என்ற சரியான கேள்விக்கு வந்திருப்பார்.

பதிவு இருக்கும் இடத்தையோ தாள் பார்க்காமல் கடந்துபோகிறது. கைதானவர்களின் கைரேகை, விழித்திரை, உயிரியல் மாதிரி போன்றவற்றைச் சேகரிக்க வழிசெய்யும் குற்றவியல் நடைமுறை அடையாளம் காணல் மசோதா 2022 மார்ச் 28ஆம் தேதி மக்களவையில் அறிமுகமானது. மசோதாவை அறிமுகம் செய்யவே கூடாது என்று எதிர்க்கட்சிகள் தடுத்து, டிவிஷன் கேட்டார்கள். 120 பேர் அறிமுகத்துக்கு ஆதரவாகவும் 58 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். வழக்கமாக அறிமுகம் என்பது ஒரு நிமிடத்தில் முடியும் சடங்கு. அந்தச் சடங்கையே நிறுத்தி எண்ண வைத்ததால், மசோதாவின் உள்ளடக்கம் பேசப்படுவதற்கு முன்பே யார் எங்கே நின்றார்கள் என்று எண்ணிக்கையில் தெரிந்துவிட்டது. ஏப்ரல் 4ஆம் தேதி அதே அவையில் மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. தாள் ஏப்ரல் 4ஐ எடுத்துக்கொண்டு மார்ச் 28ஐ விட்டுவிட்டது. ‘நடைமுறை சார்ந்த வாக்குகள் கணக்கில் சேர்க்கப்படவில்லை’ என்று முன்னுரையில் பெருமையாகவே சொல்கிறார்கள். அந்த நடைமுறை வாக்கில்தான் சாறு இருந்தது. அவர்கள் சக்கையை எடைபோட்டிருக்கிறார்கள்.

கண்காணிப்புச் சட்டம் என்று நேராகச் சொல்ல முடியாவிட்டாலும், சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தையும் சேர்த்திருக்கிறார்கள், சேர்த்தது நல்லதே. 2019 ஆகஸ்ட் 2ஆம் தேதி மாநிலங்களவையில் மசோதாவைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பும் தீர்மானம் 85க்கு 104 என்று தோற்றது. அடுத்து மசோதா 147க்கு 42 என்று நிறைவேறியது. காங்கிரஸ் உறுப்பினர்கள் குழுவுக்கு அனுப்பக் கோரிவிட்டு, அது தோற்றதும் மசோதாவுக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். தாளில் இரண்டாவது வாக்கு மட்டுமே இருக்கிறது. குழுவுக்கு அனுப்பக் கேட்டதால் அவர்களைத் தியாகிகள் ஆக்க வேண்டியதில்லை; முதல் வாக்கை மேடையில் காட்டி இரண்டாவதை மறைக்கும் வசதி அவர்களுக்கு உண்டு என்பதும் உண்மை. இரண்டு வாக்குகளும் அடுத்தடுத்துக் கிடந்தால்தான் அந்த வசதி பறிபோகும்.

இதழின் பின்பகுதியில் அமெரிக்காவைப் பற்றி எட்டுப் பக்கம் இருக்கிறது. இங்கே தாள் வேறு யாரோ எழுதியது போல் கூர்மையாகிவிடுகிறது. 2007இல், அப்போது செனட் உறுப்பினராக இருந்த ஒபாமாவின் தேர்தல் குழு, அரசுக்கு ஒட்டுக்கேட்க உதவிய தொலைபேசி நிறுவனங்களுக்குப் பின்னோக்கிய விலக்கு தரும் எந்த மசோதாவையும் பேசி முடக்கும் முயற்சியை அவர் ஆதரிப்பார் என்று அறிவித்திருந்தது. 2008 ஜூலை 9ஆம் தேதி செனட்டில் நடந்த வாக்குகளில் மூன்று முக்கியமானவை. விலக்கை நீக்கும் திருத்தம் 32க்கு 66 என்று தோற்றது. ஒபாமா அதற்கு ஆதரவு. விவாதத்தை முடித்துவைக்கும் தீர்மானம் 72க்கு 26 என்று வென்றது, அதற்கும் ஆதரவு. மசோதா 69க்கு 28 என்று நிறைவேறியது, அதற்கும் ஆதரவு. முடக்குவேன் என்றவர் முடக்கும் வாய்ப்பு இருந்த இரண்டாவது வாக்கில்தான் வாக்குத் தவறினார் என்று தாள் சரியாகச் சுட்டுகிறது. திருத்தத்துக்கு அளித்த வாக்கைக் காட்டி அவருக்கு வாதாடியவர்களும் இறுதி வாக்கைக் காட்டித் திட்டியவர்களும் அந்த நடு வாக்கைப் பேசாமல் விட்டார்கள் என்றால், அது அவர்கள் இருசாராருக்குமே வசதியாக இருந்திருக்கும்.

2014 நவம்பர் 18ஆம் தேதி செனட் வாக்கைப் பற்றிய பக்கம் இன்னும் நன்று. தொலைபேசிப் பதிவுகளை அரசு மொத்தமாக அள்ளுவதைக் கட்டுப்படுத்தும் மசோதாவை விவாதத்துக்கு எடுக்க 60 வாக்கு தேவைப்பட்டது, 58தான் கிடைத்தது. எதிர்த்த 42 பேரில், கட்டுப்பாடு நாட்டின் பாதுகாப்பைக் கெடுக்கும் என்ற மிட்ச் மெக்கானலும் இருந்தார், பழைய ‘பேட்ரியாட்’ சட்டத்தின் அதிகாரங்களை இது நீட்டிக்கிறது என்று மறுத்த ராண்ட் பாலும் இருந்தார். ஒரே பட்டியல், நேர் எதிரான காரணங்கள். இதை இவ்வளவு அழகாக எழுதத் தெரிந்தவர்கள் நம் உறுப்பினர்களுக்கு மட்டும் ஏன் ஒற்றை எண்ணைத் தலையில் கட்டினார்கள் என்பதுதான் எனக்குப் புரியாதது. 2020 மே மாதத்தில், இணைய உலாவல் வரலாற்றைப் பார்க்க நீதிமன்ற வாரண்ட் வேண்டும் என்ற திருத்தம், 60 வாக்கு தேவைப்பட்ட இடத்தில் 59க்கு 37 என்று ஒரே ஒரு வாக்கில் தோற்றதையும், அன்று வராத நால்வரில் பெர்னி சாண்டர்ஸும் ஒருவர் என்பதையும் சொல்கிறார்கள். ‘வரவில்லை’ என்ற சொல்லுக்கு உண்மையாகவே எடை உள்ள இடம் அது.

கடைசியில் இரு நாட்டு உறுப்பினர்களையும் ஒரே ஒப்பீட்டு அட்டவணையில் நிறுத்தியிருப்பது வீண். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, கொறடா உத்தரவுக்கு மாறாக வாக்களித்தாலும், அனுமதியின்றி வாக்களிக்காமல் ஒதுங்கினாலும், கட்சி 15 நாட்களுக்குள் பொறுத்துக்கொள்ளாவிட்டால், பதவி போகும் நிலை வரும். ராண்ட் பாலுக்கு அந்தக் கத்தி கிடையாது. கொறடா இருந்ததா இல்லையா என்று ஒரு பத்தியைச் சேர்க்காமல், இங்கே தனி மனிதருக்கு மதிப்பெண் போடுவது கட்சி அலுவலகத்துக்கு மதிப்பெண் போட்டு அவர் பெயரில் ஒட்டுவதுதான்.

இவற்றையெல்லாம் இரண்டு பக்கக் கடிதமாக எழுதி அனுப்பினேன். பத்து நாள் கழித்து தாளை நடத்துபவர்களில் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, “ஐயா, இடைநீக்கத்துக்கு அடுத்த இதழ்ல தனிக் குறி போட்டுடறோம். மதிப்பெண்ணை எடுத்துட்டா மட்டும் யாரும் வாங்க மாட்டாங்கய்யா, அதத்தான் எல்லாரும் முதல்ல புரட்டுறாங்க” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. என் ஜூனியரும் அதைத்தான் முதலில் புரட்டினார். சொல் விளக்கத்துக்காகவும் அமெரிக்கப் பக்கங்களுக்காகவும் வாங்கலாம். அட்டவணையைத் தேர்தல் மேடைக்கு எடுத்துச் செல்பவர்கள் 29ஆம் பக்கத்தின் அடிக்குறிப்பையும் சேர்த்துப் படிக்கட்டும். தபாலில் வரும் பிரதி எப்போதும் ஒரு வாரம் தாமதம். வாட்ஸ்அப் பிரதி உடனே வந்துவிடுகிறது, ஆனால் அந்தப் பொடி எழுத்தைக் கைபேசியில் படிக்கக் கண் போதாது. இந்த ஆண்டுக்குப் பாதிச் சந்தாவை மட்டும் கட்டியிருக்கிறேன். தனிக் குறி வருகிறதா என்று பார்த்து மீதியைக் கட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.