நூறு உருவங்களா, பட்டைகளா, அட்டவணையா?

"இந்த மாத்திரை மாரடைப்பு அபாயத்தை 25 சதவீதம் குறைக்கும்" என்கிறார் மருத்துவர். இதைக் கேட்டதும் நூற்றில் 25 பேர் தப்பிக்கிறார்கள் என்றே பலரும் எண்ணிவிடுகிறார்கள். இந்த மயக்கத்தைத் தெளிய வைக்கத்தான் சிகிச்சை முடிவுக்கான படத்தாள்கள் வந்தன: நோயாளியும் மருத்துவரும் சேர்ந்து பார்த்து முடிவெடுக்க, நன்மை தீமைகளை உருவங்களாகவோ பட்டைகளாகவோ அட்டவணையாகவோ காட்டும் தாள்கள்.

அவற்றில் என் வாக்கு நூறு உருவங்களுக்கு: நூறு மனித உருவங்களை வரைந்து, நோய் வருபவர்களை மட்டும் வேறு நிறத்தில் காட்டும் படம். அமெரிக்காவின் மேயோ கிளினிக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைக்குத் தயாரித்த தாள் இந்த வகை. பத்தாண்டுகளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 20 என்று வைத்துக்கொள்வோம். மாத்திரை சாப்பிட்டால் அது 15 ஆகும். 20-இல் கால்பங்கு குறைந்தது; மருத்துவர் சொன்ன 25 சதவீதம் இதுதான். தப்பிப்பவர்கள் ஐந்து பேர். மீதி 95 உருவங்களையும் பாருங்கள்: 80 பேருக்கு மாத்திரை இல்லாவிட்டாலும் வரப்போவதில்லை, 15 பேருக்குச் சாப்பிட்டும் வரும். பலன் கிடைக்காதவர்களையும் கண்ணெதிரே நிறுத்துகிறதே, அந்த நேர்மை வேறெதிலும் இல்லை. ஆனால் பாதிக்கப்பட்டவர்களை ஒரே வரிசையில் சேர்த்து நிறுத்த வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறவிட்டால் எண்ண முடியாது. பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரும் பக்கவிளைவை நூறு உருவங்களில் காட்டவும் வழியில்லை.

பட்டை வரைபடம் ஒரே பார்வையில் புரியும். ஏமாற்றுவதும் அதே வேகத்தில்தான். அளவுகோலைப் பூஜ்யத்துக்குப் பதில் 10-இல் தொடங்கினால் போதும், 15-இன் பட்டை 20-இன் பட்டையில் பாதியாகிவிடும். பார்ப்பவர் அபாயம் பாதியாகிவிட்டது என்று நினைப்பார்.

ஆனால் ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோயில் என் நூறு உருவங்கள் தோற்றுப்போகின்றன. கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு கொடுப்பதா, மார்பகத்தையே அகற்றுவதா? இரண்டிலும் உயிர்பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய சமம் என்பதை 2002-இல் வெளியான இருபதாண்டு ஆய்வு முடிவுகள் காட்டின. இரண்டு படமும் ஒன்றுபோலவே இருந்தால் எதைப் பார்த்து முடிவெடுப்பது? இங்கே அட்டவணைதான் கைகொடுக்கும். இடப்பக்கம் நோயாளி கேட்கும் கேள்விகள்: கதிர்வீச்சுக்கு எத்தனை வாரம் போக வேண்டும், அதே மார்பகத்தில் திரும்ப வருமா, இன்னொரு அறுவை சிகிச்சை தேவைப்படுமா? வலப்பக்கம் இரு சிகிச்சைகளுக்கும் பதில்கள் அருகருகே. படிக்கச் சிரமப்படுபவருக்கு யாராவது வாசித்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

எந்தத் தாளானாலும் ஒன்றைச் சரிபாருங்கள். நன்மையைச் சதவீதத்திலும் பக்கவிளைவை "ஆயிரத்தில் இருவர்" என்றும் போட்டிருந்தால், இரண்டையும் ஒரே கணக்கில் எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.