ஈஆர்பி சொல்லிக் குடுக்க கேமா, பயிற்சித் தாளா? ரெண்டையும் ஓட்டிப் பார்த்தவன் சொல்றேன்

ஈஆர்பி, அதாவது ஒரு கம்பெனியோட விற்பனை, கொள்முதல், தயாரிப்பு, கணக்குன்னு எல்லாத்தையும் ஒரே இடத்துல நடத்துற சாஃப்ட்வேர், அதுக்குக் கிளாஸ் எடுக்குறவங்க யாரா இருந்தாலும் என்னிக்காவது ஒருநாள் இந்த இடத்துல வந்து நிப்பாங்க. கையில ஒரு பயிற்சித் தாளைக் குடுத்து ஒவ்வொரு ஸ்க்ரீனா அடிக்க வைக்கிறதா, இல்ல நாலஞ்சு பேரா பிரிச்சு டீமுக்கு ஒரு கம்பெனியைக் குடுத்து நடத்தி விளையாடுங்கப்பான்னு விட்டுடுறதா. நான் ரொம்ப வருஷம் தாளை வெச்சே ஓட்டினவன், கடைசி நாலு பேட்ச்சா கேமுக்கு மாறிட்டேன், அதனால என் தராசு எந்தப் பக்கம் சாயும்னு இப்பவே சொல்லிடுறேன், அப்புறம் ஒருதலைப்பட்சம்னு யாரும் சண்டைக்கு வரக்கூடாது பாருங்க.

கேம்னா கிளாஸ் கலகலன்னு இருக்கும், மதியம் சாப்பிட்டு வந்து யாரும் தூங்க மாட்டாங்க, போட்டின்னு வந்துட்டா கடைசி பெஞ்சும் முன்னாடி நகர்ந்து வரும். எல்லாருக்கும் தெரிஞ்சது தானே. கலகலப்புக்காக மட்டும்னா நான் மாறியிருக்கவே மாட்டேன்.

தாள் வகைன்னு நான் சொல்றது பெரும்பாலும் குளோபல் பைக். எஸ்ஏபிங்கிற பெரிய ஈஆர்பி கம்பெனி காலேஜ்களுக்காக நடத்துற யூனிவர்சிட்டி அலையன்சஸ் திட்டம் வழியா வர்ற பாடத்திட்டம், ஒரு கற்பனை சைக்கிள் கம்பெனி, அமெரிக்காவுல டல்லாஸ், ஜெர்மனில ஹைடல்பெர்க்னு ரெண்டு பக்கமும் பிளான்ட். தாள்ல மூணு ஹேஷ் குறி எங்கெல்லாம் வருதோ அங்கெல்லாம் நம்ம மூணு இலக்க எண்ணை அடிக்கணும், அப்போதான் ஒரே சிஸ்டத்துல எல்லாரும் அவங்கவங்க சைக்கிளைத் தனியா வெச்சுக்க முடியும். 017ன்னு அடிக்க வேண்டியவர் 071ன்னு அடிச்சுட்டு, நாலு சீட் தள்ளி உட்கார்ந்திருக்கிறவரோட ஸ்டாக்கைத் தெரியாம டெலிவரி பண்ணிடுவார், அவர் "சார் என் சைக்கிள் காணோம்"னு கத்துவார். கேலியா சொல்லல, தாள் பயிற்சியில ஒருத்தர் பண்றது இன்னொருத்தரைப் பாதிக்கும்னு புரியுற இடம் பல சமயம் இது ஒண்ணு தான், அதுவும் தப்பு நடந்தா மட்டும்.

அதுக்காக தாள் வேஸ்ட்னு சொல்லல. பர்ச்சேஸ் ஆர்டர் போட்டு, சரக்கு வந்ததை மிகோங்கிற ஸ்க்ரீன்ல பதிஞ்சு, மிரோங்கிற ஸ்க்ரீன்ல இன்வாய்ஸ் சரிபார்த்து, பேமென்ட் விட்டுன்னு முழுச் சங்கிலியையும் ஒரே ஆள் தன் கையாலேயே அடிக்கிறார். கை பழகும். வேலைக்குப் போனதும் ஸ்க்ரீனைப் பார்த்து மிரள மாட்டார். ஆனா முடிச்ச கையோட "சரக்கு வர்றதுக்கு முன்னாடியே இன்வாய்ஸ் வந்தா என்ன ஆகும்?"னு கேட்டுப் பாருங்க. "அது தாள்ல இல்லையே சார்"னு தான் பதில் வரும். அவங்க மேல தப்பு இல்ல, தாள்ல எதுவும் தப்பா போகவே போகாது, நாள் நகராது, கஸ்டமர் கோவிச்சுக்க மாட்டார், சைக்கிள் விக்கலைன்னா யாருக்கும் நஷ்டம் இல்ல.

கேம் வகையில நான் நடத்துறது ஈஆர்பிசிம். கனடாவுல ஹெச்இசி மான்ட்ரியல்ங்கிற பிசினஸ் ஸ்கூல்ல உருவாக்கினது. இதுல முக்கியமா கவனிக்க வேண்டியது, இது எஸ்ஏபி மாதிரி ஒண்ணு இல்ல, எஸ்ஏபியே தான், பின்னாடி ஒரு சிமுலேட்டர் உட்கார்ந்து சந்தையா நடிக்குது, அவ்வளவு தான். ஒவ்வொரு டீமும் மியூஸ்லி (ஓட்ஸ், உலர் பழம் கலந்த காலை உணவு) தயாரிக்கிற கம்பெனி, ஜெர்மனில வடக்கு, தெற்கு, மேற்குன்னு மூணு பகுதி, பெரிய ஹைப்பர்மார்க்கெட், கடைச் சங்கிலி, தனிக் கடைன்னு மூணு வகை வாங்குறவங்க, கணக்கெல்லாம் யூரோவுல. ஒரு நாள்ங்கிறது ஏறக்குறைய ஒரு நிமிஷத்துல ஓடிடும். விலையை விகே32ல (இந்த மாதிரி எழுத்தும் எண்ணும் சேர்ந்து வர்றதெல்லாம் எஸ்ஏபி ஸ்க்ரீனோட கோடு) மாத்தலாம், எவ்வளவு விக்கும்னு எம்டி61ல கணிப்பு போடலாம், விளம்பரத்துக்குக் காசு ஒதுக்கலாம், மியூஸ்லில என்ன கலக்கணும்னு கூட மாத்தலாம். கஸ்டமர் ஆர்டரை சிமுலேட்டரே கொண்டு வந்து கொட்டும், விலை பிடிக்கலைன்னா பக்கத்து டீம்கிட்ட போயிடும்.

முதல் ரவுண்டுல கிட்டத்தட்ட எல்லா பேட்ச்லயும் நடக்குற ஒண்ணைச் சொல்றேன். ஒரு டீம் விலை போட்டாச்சு, கணிப்பு போட்டாச்சு, எம்ஆர்பி (பாக்கெட்ல போடுற விலை இல்ல, எவ்வளவு செய்யணும், வாங்கணும்னு கணக்குப் போடுற ப்ரோக்ராம்) ஓட்டியாச்சு, கையைக் கட்டிட்டு ஸ்க்ரீனைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்காங்க. ரெண்டாம் நாள், மூணாம் நாள், நாலாம் நாள். கிடங்குக்குப் புதுசா ஒரு பெட்டி கூட வரல. "சார், கேம் ஹேங் ஆயிடுச்சு." நான் பக்கத்துல போய் ஒண்ணும் சொல்லாம எம்டி04ஐத் திறக்கச் சொல்வேன். அதுல வரிசையா ப்ளான்டு ஆர்டர் (தயாரிக்கலாம்ங்கிற திட்டம் மட்டும்) நிக்கும், அதுக்கு வேண்டிய ஓட்ஸ், திராட்சை பக்கம் போனா பர்ச்சேஸ் ரெக்விசிஷனா, அதாவது வாங்கணும்ங்கிற கோரிக்கையா நிக்கும். எம்ஆர்பி குடுக்கிறது யோசனை மட்டும் தான், இவ்வளவு செய்யணும், இவ்வளவு வாங்கணும்னு. அதை யாராவது சிஓ41ல ப்ரொடக்ஷன் ஆர்டராவும் எம்இ59என்ல பர்ச்சேஸ் ஆர்டராவும் மாத்தினா தான் ஆலை ஓடும், சப்ளையர் அனுப்புவார். ஒரு பேட்ச்ல டீம்ல இருந்த ஒரு பொண்ணு ஒரு நிமிஷம் லிஸ்ட்டையே பார்த்துட்டு "அப்போ நாலு நாளா யாருமே எதையும் ஆர்டர் பண்ணலையா?"ன்னு டீமைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கே. தாள்லயும் இதே ஸ்டெப் இருக்கு. "ப்ளான்டு ஆர்டரை மாற்றவும்"னு ஒரு வரி, எல்லாரும் மாத்திட்டு அடுத்த வரிக்குப் போயிடுவாங்க.

சரி, இப்போ எனக்கு முடிவைத் தந்த விஷயம். ரெண்டு ரவுண்டுக்கு நடுவுல கடிகாரத்தை நிறுத்திட்டு, "காசு எங்க போச்சு?"ன்னு தேடிப் பிடிக்க முடியுதா, முடியலையா. என் கணக்குல மிச்சமெல்லாம் இதுக்கு அப்புறம் தான்.

ஒரு டீம் ப்ளூபெரி மியூஸ்லிக்கு விலையை வெட்டு வெட்டுன்னு வெட்டினாங்க. விற்பனைல முதலிடம், சத்தம் தாங்கல. ரவுண்டு முடிஞ்சு பார்த்தா லாபத்துல கடைசி. "சார் சிமுலேட்டர் கணக்கு தப்பு"ன்னு சண்டைக்கே வந்துட்டாங்க. நான் ஃபைனான்ஷியல் ஸ்டேட்மென்ட்ல இருந்து ஆரம்பிக்கச் சொன்னேன். வருமானம் இருக்கு, சரி. அதுக்குக் கீழ சரக்கோட அடக்கம், அந்த வரிக்குள்ள போனா தேதிவாரியா ஒவ்வொரு டாகுமென்ட், அதுக்குள்ள போனா எந்தப் பொருள், எத்தனை பெட்டி, என்ன மதிப்புன்னு எல்லாம் அப்படியே கிடக்கு. அப்புறம் விற்பனை ரிப்போர்ட்டைப் பக்கத்துல வெச்சுப் பார்த்தா, முதல் மூணு நாள்ல ஸ்டாக் மொத்தமும் அடக்க விலையை உரசிட்டுப் போன விலையில காலி, அடுத்து ஆறு நாள் விக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல, அந்தப் பதட்டத்துல லைனை ப்ளூபெரிக்கே ஒதுக்கி ஓட்டினதுல ரவுண்டு முடியும்போது கிடங்கு நிறைய ப்ளூபெரி, மத்த மியூஸ்லி எதுவும் இல்ல. இதை நான் சொல்லல, அவங்களே ஒரு டாகுமென்ட்ல இருந்து இன்னொண்ணுக்குத் தாவித் தாவிக் கண்டுபிடிச்சாங்க, இருபது நிமிஷம் ஆச்சு. விற்பனைப் பிரிவு போட்ட ஒரு விலை தயாரிப்பு, கிடங்கு, அக்கவுன்ட்ஸ்னு எல்லாத்துலயும் கால் பதிச்சுட்டுப் போயிருக்குன்னு அவங்க பார்த்தது அங்க தான். ஈஆர்பின்னா எல்லாப் பிரிவும் ஒரே டேட்டாபேஸ்ல இருக்கும்னு நான் ஸ்லைடு போட்டுச் சொன்ன காலம் எல்லாம் நினைச்சா சிரிப்பா இருக்கு.

இதைத்தான் தடம்னு சொல்றேன். தாள் பயிற்சியில தடம் இருக்கு, டாகுமென்ட் ஃப்ளோ திறந்தா ஆர்டர், டெலிவரி, பில்லிங்னு அழகா வரும், ஆனா அதைத் தேடிப் போக யாருக்கும் காரணம் இல்ல, எல்லாம் சரியா தானே நடந்துச்சு. ப்ரௌசர்ல ஓடுற பொதுவான பிசினஸ் கேம்கள்ல காரணம் இருக்கு, தோத்தா கோபம் வரும், ஆனா நான் உட்கார்ந்து ஆடினதுல கிடைச்சது ஒரு கிராஃபும் ஒரு ஸ்கோரும் தான், கிராஃப் கீழ போனதுக்கு எந்தப் பரிவர்த்தனை காரணம்னு உள்ள போய்ப் பார்க்க வழி இல்ல. அந்த வகையில நான் ஆடினது ரெண்டு தான், நடத்தினது ஒண்ணும் இல்ல, அதனால இதை மொத்த வகைக்குமான தீர்ப்பா எடுத்துக்காதீங்க. தடமும் காரணமும் ஒரே இடத்துல இருக்கிறது நிஜ ஈஆர்பி மேல ஓடுற கேம்ல தான்.

இந்த இடத்துல பீர் கேமைச் சொல்லாம போனா சண்டைக்கு வருவாங்க. பீர் சப்ளை சங்கிலியை நடிச்சுக் காட்டுற ஆட்டம், எம்ஐடில ஜே ஃபாரஸ்டர் குழு உருவாக்கினது, கம்ப்யூட்டரே தேவையில்ல, கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலைன்னு நாலு பேர் வரிசையா உட்கார்ந்தா போதும். வாடிக்கையாளர் கேக்கிறது வாரம் 4 பெட்டி, அஞ்சாவது வாரத்துல இருந்து 8, அதுக்கப்புறம் மாறவே மாறாது. அந்த ஒரே ஒரு மாற்றத்துக்கு ஆலைக்காரர் பக்கம் ஆர்டர் நாப்பது அம்பதுன்னு எகிறும். கையில தேங்கினா பெட்டிக்கு வாரம் அரை டாலர் செலவு, குடுக்க முடியாம பாக்கி வெச்சா ஒரு டாலர். தகவல் பகிரலைன்னா என்ன ஆகும்னு காட்ட இதை விடச் சுருக்கமா எதுவும் கிடையாது. ஈஆர்பி எதுக்குன்னு புரிய வைக்க முதல் நாள் இதை வைக்கலாம், ஈஆர்பி எப்படின்னு இது சொல்லாது.

இப்போ ஈஆர்பிசிம்மோட குறை. பெரிய குறையே, சரக்கு வரவு வைக்கிறது, டெலிவரி அனுப்புறது, கஸ்டமர் பணம் கட்டுறது எல்லாத்தையும் சிமுலேட்டரே முடிச்சுடும். இல்லைன்னா ஒரு நிமிஷ நாளுக்குள்ள மனுஷனால முடியாது, புரியுது. ஆனா அதனால கேம் மட்டும் ஆடினவருக்கு மிகோ, மிரோ ரெண்டும் கையில ஒட்டாது. அதனால நான் தாளைத் தூக்கிப் போடல, வரிசையைத் தான் மாத்தினேன், முன்னாடி தாள் முடிச்சு கேம், இப்போ கேம் முடிச்சு தாள். இந்த மாற்றம் நான் எதிர்பார்த்ததை விட நல்லா வேலை செய்யுது, தாள்ல "சரக்கு வரவு வைக்கவும்"னு வந்ததும் "ஓ, இதைத்தான் அது பின்னாடி பண்ணிட்டு இருந்துச்சா"ன்னு கேக்குறாங்க.

ரெண்டாவது, இதை நினைச்ச உடனே எடுத்து ஓட்ட முடியாது. யூனிவர்சிட்டி அலையன்சஸ்ல சேர்ந்திருக்கிற நிறுவனமா இருக்கணும், நடத்துறவங்களும் தனியா பயிற்சி எடுத்திருக்கணும். நெட்வொர்க் திணறினா கடிகாரம் உங்களுக்காகக் காத்திருக்காது. ஒரு இடத்துல ரவுண்டு நடுவுல பாதி டீமுக்கு கனெக்ஷன் போய், மீதிப் பாதி ஜாலியா வித்துட்டு இருந்தாங்க, அந்த ரவுண்டையே ரத்து பண்ணினேன். எஸ்ஏபியோட பழைய ஜியுஐ ஸ்க்ரீன்ல ஆடுறதா, புது ஃபியோரி ஸ்க்ரீன்ல ஆடுறதாங்கிறதும் ஒரு கேள்வி, எஸ்ஏபி ஈசிசிங்கிற பழைய வெர்ஷனுக்கு வழக்கமான பராமரிப்பை 2027 முடிவோட நிறுத்துறதா சொல்லியிருக்கறதால புதுசா ஆரம்பிக்கிறவங்க எஸ்4ஹானாங்கிற புது வெர்ஷன் பக்கமே போயிடுங்க.

எஸ்ஏபி பக்கமே போக வழி இல்லாதவங்களுக்கு ஈஆர்பிநெக்ஸ்ட் இருக்கு, ஓப்பன் சோர்ஸ், நாமளே இன்ஸ்டால் பண்ணிக்கலாம். அதுல நானே ஒரு கேம் மாதிரி பண்ணிப் பார்த்தேன், பகடை உருட்டி அன்னிக்கு எத்தனை ஆர்டர்னு முடிவு பண்றது, தேதியை நான் கத்திச் சொல்றது, டீம் அதே தேதில பதியுறது. ரெண்டே தடவை தான் நடத்தினேன், அதனால அளவோட சொல்றேன். தடம் பிரமாதமா கிடைக்குது, லெட்ஜர்ல இருந்து மூல டாகுமென்ட் வரைக்கும் போயிடலாம். பிரச்சினை எனக்குத் தான். சந்தையும் நான், சப்ளையரும் நான், கடிகாரமும் நான். யார் எங்க முழிக்கிறாங்கன்னு சுத்திப் பார்க்க நேரமே இல்ல. அடுத்த பேட்ச்சுக்குப் பழைய பேக்கப்பை ரீஸ்டோர் பண்ணணும், ஒரு தடவை மறந்துட்டு புது டீம் பழைய டீமோட கடனோட ஆட்டத்தை ஆரம்பிச்சாங்க. கூட ஒரு உதவியாளர் இருந்தா இதையே ரெண்டாவது சாய்ஸா தாராளமா சொல்வேன், தனி ஆளா இருந்தா யோசிச்சு இறங்குங்க.

கைல ஒரே ஒரு மதியம் தான் இருக்குன்னா மியூஸ்லி கேம் வேணாம், ஈஆர்பிசிம்லயே தண்ணி பாட்டில் விக்கிற விநியோக வெர்ஷன் இருக்கு, தயாரிப்பு கிடையாது, வாங்கி விக்கிறது மட்டும். மூணு ரவுண்டு, நடுவுல ரெண்டு இடைவெளின்னு போட்டுக்கோங்க. நேரம் இழுத்துட்டா நம்ம ஆளுங்க முதல்ல வெட்டுறது இடைவெளியைத் தான், ஆட்டம் சூடா இருக்கும்போது நிறுத்த மனசு வராது. ரவுண்டுல ஒண்ணைக் குறைச்சுக்கோங்க, இடைவெளியில மட்டும் கை வெக்காதீங்க.