பவளத் தொட்டிக்கு நத்தையா, துறவி நண்டா?

உயிருள்ள பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில் பாசி தலைகாட்டியதும் எல்லோரும் தேடுவது இந்த இரண்டு பேரைத்தான். நான் நத்தைக் கட்சி. அதிலும் ட்ரோக்கஸ் நத்தை.

கண்ணாடியில் படியும் மெல்லிய பாசிப் படலத்தை வழித்தெடுப்பதில் நத்தையை அடித்துக்கொள்ள ஆளில்லை. காலையில் விளக்கைப் போட்டால், இரவில் அது போன தடம் மட்டும் துணியால் துடைத்த மாதிரி வளைந்து வளைந்து பளிச்சென்று தெரியும். பவளத்தைக் கடிக்காது. ட்ரோக்கஸ் மல்லாந்து விழுந்தாலும் தானே புரண்டுகொள்ளும்; அஸ்ட்ரியா நத்தைக்கு அது பெரும்பாலும் முடியாது, நாம்தான் கைவிட்டுத் திருப்பிவைக்க வேண்டும். டர்போ நத்தை நன்றாகவே மேயும், ஆனால் சரியாக ஒட்டாத பவளத் துண்டுகளை புல்டோசர் மாதிரி தள்ளிவிட்டுப் போய்விடும்.

துறவி நண்டு பெயரில்தான் துறவி. காலிச் சங்குக்குள் குடியிருக்கும் இதற்கு வளர வளரப் பெரிய சங்கு வேண்டும். கிடைக்காவிட்டால் உயிருள்ள நத்தையைக் கொன்றாவது வீட்டைப் பிடுங்கிக்கொள்ளும். பல அளவுகளில் காலிச் சங்குகளைப் போட்டுவைத்தால் சண்டை குறையும், நிற்காது. பாறை இடுக்கில் தங்கும் மீன் தீனியைக் கிளறித் தின்னும் என்பது நிஜம். சரி, ஆசைப்பட்டால் நீலக்கால், செங்கால் போன்ற சிறிய இனங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டுக்கும் பொதுவான எமன் செம்பு. மீன் நோய்க்குச் செம்பு மருந்து ஊற்றிய தொட்டியில் இவற்றை விடவே வேண்டாம். அப்புறம், உப்பின் அளவு சட்டென்று மாறினால் தாங்காது. இவை வந்த தண்ணீரோடு தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து, ஒரு மணி நேரமாவது பழக்கிய பிறகு இறக்குங்கள்.