நெஞ்சுக்கறி வாங்கப் போகிறீர்களா? எந்த பாக்கெட்டை எடுப்பது

எடையைக் குறைக்க நினைப்பவரும் சரி, ஜிம்முக்குப் போய் உடம்பை ஏற்ற நினைப்பவரும் சரி, கடைசியில் வந்து நிற்பது கோழி நெஞ்சுக்கறியில்தான். தோலும் எலும்பும் இல்லாத பச்சைக் கறி 100 கிராம் எடுத்தால் புரதம் 22 கிராம் அளவுக்கு இருக்கும், கொழுப்பு 3 கிராமைத் தாண்டாது, கலோரி 120 சொச்சம். இதே கறியை வேகவைத்த பிறகு அளந்தால் 100 கிராமுக்கு 31 கிராம் புரதம், 165 கலோரி என்று காட்டும். புரதம் கூடிவிடவில்லை, தண்ணீர் வற்றி எடை குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு பாக்கெட்டுகளை ஒப்பிடும்போது ஒன்றில் பச்சைக் கறியின் கணக்கும் மற்றொன்றில் வெந்த கறியின் கணக்கும் போட்டிருந்தால் அந்த ஒப்பீடு செல்லாது.

பலரும் முதலில் கேட்பது தோலோடு வாங்கலாமா, உரித்தது வாங்கலாமா என்பதைத்தான். தோலோடு இருக்கும் பச்சைக் கறியில் 100 கிராமுக்குக் கொழுப்பு 9 கிராம் வரை போகிறது, கலோரி 170ஐத் தொடுகிறது. ஆனால் இந்தக் கூடுதல் கொழுப்பு பெரும்பாலும் தோலிலும் அதன் அடியிலும்தான் இருக்கிறது. தோலோடு சமைத்துவிட்டு, சாப்பிடும்போது உரித்துப் போட்டாலும் கறிக்குள் இறங்கும் கொழுப்பு சொற்பம். ஈரம் காயாமல் இருப்பது இதில் லாபம். எலும்போடு இருக்கும் துண்டு பொதுவாக மலிவு. ஆனால் எலும்பும் தோலும் கழிந்த பிறகு மிஞ்சும் கறிக்கு என்ன விலை விழுகிறது என்று ஒருமுறை கணக்குப் பார்த்துவிடுங்கள். கத்தி பிடிக்க அலுப்பில்லாதவர்களுக்கு எலும்போடு வாங்குவதுதான் என் சிபாரிசு. வேலை முடிந்து அலுத்து வருபவர்கள் போன்லெஸ்ஸே வாங்கட்டும். சமைக்காமல் ஃப்ரிட்ஜில் கிடக்கும் கறியால் யாருக்கும் ஆரோக்கியம் வராது.

தோலைவிடப் பெரிய வித்தியாசம் வேறொன்றில் இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை. பாக்கெட்டில் இருப்பது வெறும் கறியா, உப்புநீர் ஏற்றிய கறியா? கறி காயாமல் மெத்தென்று இருக்கவும், எடை கூடவும் சில நிறுவனங்கள் உப்புக் கரைசலை ஊசி மூலம் ஏற்றுகின்றன. முன்பக்கம் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பின்பக்கம் பொடி எழுத்தில் உப்பு, பாஸ்பேட், ஸ்டார்ச் என்று ஏதாவது இருக்கும். கறியில் இயற்கையாக உள்ள சோடியம் 100 கிராமுக்கு 50 மில்லிகிராமை ஒட்டித்தான் வரும். கரைசல் ஏற்றியதில் அது 200, 300 என்று ஏறிவிடுகிறது, அதற்கு மேலும் போவதுண்டு. ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். 300 மில்லிகிராம் உள்ள கறியை 250 கிராம் சாப்பிட்டால், நாம் உப்பைத் தொடுவதற்கு முன்பே 750 மில்லிகிராம் உள்ளே போய்விடுகிறது. ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது சாதாரண விஷயமல்ல.

கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி, புரத எண்ணைப் பார்ப்பது. தோலில்லாத பச்சை நெஞ்சுக்கறி என்று சொல்லிவிட்டு 100 கிராமுக்கு 17, 18 கிராம் புரதம்தான் போட்டிருந்தால், மீதி இடத்தைத் தண்ணீர் பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். கறி விலை கொடுத்துத் தண்ணீர் வாங்குகிறோம்! மசாலா தடவி விற்பதையும் இதே கண்ணோடு பாருங்கள். அதில் உப்போடு சர்க்கரையும் எண்ணெயும் சேர்ந்திருக்கும். மசாலாவுக்கு அடியில் கறி எப்படி இருக்கிறது என்றும் தெரியாது. சேர்மானப் பட்டியலில் கோழிக்கறி என்ற ஒரே பொருள்தான் இருக்க வேண்டும்.

அப்புறம் ஃப்ரெஷ்ஷா, உறைந்ததா? சத்தில் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு கிடையாது. ஆலையில் வேகமாக உறையவைப்பதால் கறிக்குள் பனிப்படிகங்கள் சிறிதாக உருவாகின்றன, இழைகள் அதிகம் சிதைவதில்லை. ஃப்ரெஷ் கறியை வாங்கிவந்து வீட்டு ஃப்ரீசரில் போட்டால் மெதுவாக உறையும், படிகங்கள் பெரிதாகும், இளகும்போது நீர் கொட்டும். ஃப்ரெஷ் கறி ஃப்ரிட்ஜில் ஒன்றிரண்டு நாள்தான் தாங்கும். அதனால் வாங்கிய அன்றோ மறுநாளோ சமைப்பதென்றால் ஃப்ரெஷ், வாரத்துக்கு ஒருமுறை கடைக்குப் போகிறவர் என்றால் தனித்தனித் துண்டாக உறைந்தது. பாக்கெட்டுக்குள் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாளமாக இருந்தாலோ, அடியில் கட்டிப் பனி தேங்கியிருந்தாலோ, நடுவில் ஒருமுறை இளகி மறுபடி உறைந்திருக்கலாம். அதை எடுக்காதீர்கள். இளகவைப்பதை முந்தைய இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் செய்யுங்கள், சமையல் மேடையில் வேண்டாம்.

துண்டு பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைப்பவர்கள் ஒருமுறை விரலால் அழுத்திப் பார்க்கலாம். மிக வேகமாக, மிகப் பெரிதாக வளரும் கோழிகளின் நெஞ்சுக்கறி சில சமயம் மரக்கட்டைபோல இறுகிவிடுகிறது. வெண்கோடுகள் ஓடுவதும் உண்டு. அந்தக் கோடுகள் கொழுப்பும் இணைப்புத் திசுவும்தான். சாப்பிட்டால் கெடுதல் இல்லை. ஆனால் கொழுப்பு கொஞ்சம் கூடி, புரதம் கொஞ்சம் குறையும். இறுகிப்போன கறி எப்படிச் சமைத்தாலும் மெல்ல முடியாமல் ரப்பர்போல இருக்கும். நடுத்தர அளவுத் துண்டு சீராக வேகவும் செய்யும். நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் இறக்கிவிடலாம். பெரிய துண்டில் நடு வேகுமுன் ஒல்லியான நுனி காய்ந்துபோகும்.

ஆர்கானிக், திறந்தவெளியில் வளர்ந்தது என்றெல்லாம் கூடுதல் விலை சொல்வார்கள். கோழி எப்படி வளர்ந்தது, ஆன்டிபயாடிக் கொடுத்தார்களா என்பதெல்லாம் உங்களுக்கு முக்கியமென்றால் தாராளமாகக் கொடுங்கள், நியாயமான காரணம். புரதக் கணக்குக்காக மட்டும் கொடுக்க வேண்டியதில்லை. தோல் மஞ்சளாக இருப்பதற்கும் தீவனம்தான் முக்கியக் காரணம், தரத்துக்கு அது அத்தாட்சி அல்ல.

தொடைக்கறியையும் சும்மா ஒதுக்கிவிட முடியாது. தோலும் வெளிக்கொழுப்பும் நீக்கிய பச்சைத் தொடைக்கறி 100 கிராமில் புரதம் 20 கிராமை ஒட்டியும் கொழுப்பு 4 கிராமை ஒட்டியும் இருக்கும். கலோரியும் நெஞ்சுக்கறிக்குப் பக்கத்தில்தான். இரும்பும் துத்தநாகமும் தொடையில் கூடுதல், நியாசினும் பி6 வைட்டமினும் நெஞ்சில் கூடுதல். கலோரியை எண்ணி எண்ணிச் சாப்பிடும் காலத்தில் நெஞ்சுக்கறியோடு இருங்கள். மற்றபடி, வறண்ட கறியை மென்று சலித்துப்போனவர்கள் பாதி நாள் தொடைக்கு மாறிக்கொள்ளலாம்.