சலமான்காவில் கோடைக்கால ஸ்பானிஷ் படிப்பு: சென்னையிலிருந்து செல்வோருக்காக ஒரு மதிப்பீடு

சென்னையில் ஸ்பானிஷ் பயின்று ஏ2 நிலையை (ஐரோப்பிய மொழித்தர அளவுகோலில் தொடக்கநிலையின் இரண்டாம் படி) கடந்தவர்களுக்கு, அடுத்த கட்டத்தை ஸ்பெயினிலேயே படித்தால் என்ன என்ற ஆசை எழுவது இயல்பு. நுங்கம்பாக்கத்து முகவர் ஒருவர் வழியாக நான் சேர்ந்தது, சலமான்கா நகரில் உள்ள ஒரு தனியார் மொழிப்பள்ளியில். காலை வகுப்பு, உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் வீட்டில் உணவுடன் அறை, பிற்பகலில் ஆசிரியையுடன் நகர உலா ஆகிய மூன்றும் சேர்ந்த ஏற்பாடு அது. இவற்றுள் கொடுத்த பணத்துக்கு முழு ஈடாக அமைந்தது நகர உலா ஒன்றே என்பது என் கருத்து.

வகுப்பைக் குறை சொல்வதற்கில்லை. இலக்கணத்தை ஸ்பானிஷிலேயே விளக்குகிறார்கள், பேசவும் வைக்கிறார்கள். ஆயினும் மணி அடித்ததும் மாணவர்கள் அனைவரும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறார்கள். பாடத்தைப் பொறுத்தவரை, சென்னையில் ஒரு நல்ல ஆசிரியரிடம் கிடைப்பதைவிடப் பெரிதாக எதுவும் இல்லை.

உலாவின் கதை வேறு. சலமான்காப் பல்கலைக்கழகம், இன்றைய ஸ்பெயினின் பகுதியான லியோன் அரசின் மன்னர் ஒன்பதாம் அல்போன்சோ 1218இல் நிறுவியது. ஸ்பெயினில் இன்றும் இயங்கிவரும் பல்கலைக்கழகங்களில் இதுவே மிகப் பழையது. நம் சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தோன்றியது என்பதை நினைத்துக்கொண்டு அதன் முகப்பின் முன் நின்றால் காலத்தின் அளவு புரியும். சிற்பங்கள் அடர்ந்த அந்த முகப்பில், ஒரு மண்டையோட்டின் மேல் சிறு தவளை ஒன்று செதுக்கப்பட்டிருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பவர் தேர்வில் வெல்வார் என்பது மாணவரிடையே நிலவும் நம்பிக்கை. எங்கள் ஆசிரியை அதைச் சுட்டிக்காட்டவில்லை. கண்டுபிடித்தவர் கையை நீட்டாமல், எந்தத் தூணில், எதற்கு மேலே, எதற்கு வலப்பக்கம் என்று ஸ்பானிஷில் சொல்லி மற்றவரைக் காணவைக்க வேண்டும் என்பது அவர் வைத்த விதி. இடம் குறிக்கும் சொற்கள் அந்த வெயிலில் மனத்தில் பதிந்ததுபோல் எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் பதிந்ததில்லை.

உள்ளே, கரடுமுரடான மர விசுப்பலகைகள் நிறைந்த, பதினாறாம் நூற்றாண்டுக் கவிஞரும் பேராசிரியருமான துறவி ஃப்ராய் லூயிஸ் தே லியோனின் வகுப்பறை அப்படியே பேணப்படுகிறது. சமய விசாரணை மன்றத்தால் 1572இல் சிறைப்படுத்தப்பட்டு 1576இல் விடுதலையான அவர், திரும்பி வந்து நடத்திய முதல் வகுப்பை, ‘நேற்று நாம் சொல்லிக்கொண்டிருந்ததுபோல’ என்று தொடங்கியதாக வழிவழியாக ஒரு கதை உண்டு. ஆசிரியை அந்தக் கதையைக் கொண்டே தொடர் இறந்தகாலத்தை நடத்தி முடித்துவிட்டார். புதிய பேராலயத்தின் வாயிற்சிற்பங்களுக்கிடையே ஒரு விண்வெளி வீரர் இருக்கிறார். இவர் எப்படி இங்கே வந்தார் என்று எங்களை ஊகிக்கவிட்டு, நாங்கள் தட்டுத்தடுமாறி வாதிட்டு ஓய்ந்த பிறகே, 1992ஆம் ஆண்டுப் புதுப்பிப்பின்போது செதுக்கப்பட்டது என்ற உண்மையைச் சொன்னார். பழைய பேராலயத்தை ஒட்டிய சாந்தா பார்பரா சிற்றாலயத்தில், பட்டத்தேர்வுக்கு முந்தைய இரவை மாணவர்கள் தனியே விழித்திருந்து படித்துக் கழித்தார்களாம். நம் ஊர்த் தேர்வுக்கால விழிப்புக்கு ஒரு மூதாதை!

கட்டடங்கள் பெரும்பாலும் அருகிலுள்ள வில்யாமயோரில் வெட்டியெடுத்த மணற்கல்லால் ஆனவை. புதிதாக வெட்டும்போது மென்மையாக இருப்பதால்தான் இத்தனை நுணுக்கமான வேலைப்பாடு அதில் சாத்தியமாயிற்று. அதிலுள்ள இரும்பு நாளடைவில் காற்றுபட்டுப் பொன்னிறம் தருகிறது. 1755இல் முடிக்கப்பட்ட பிளாசா மயோர் சதுக்கத்தை மாலை வெயிலில் பார்ப்பது நல்லது. பழைய நகரம் முழுவதையும் நடந்தே சுற்றிவிடலாம் என்பதால், காலையில் படித்ததை மாலையில் கடைக்காரரிடமும் நூலகத்திலும் பேசிப் பார்க்க முடிகிறது. மாட்ரிட் போன்ற பெருநகரில் இந்த வசதியை எதிர்பார்க்க முடியாது.

தங்குமிடம்தான் ஏமாற்றம். வீட்டார் அன்பானவர்கள், ஆனால் நான் சைவம் என்று முகவரிடம் எழுதிக் கொடுத்த செய்தி அவர்களிடம் சேரவேயில்லை. பன்றித்தொடைக் கறிக்குப் பெயர்பெற்ற கிஹுவேலோ இதே மாகாணத்தில்தான் இருக்கிறது. பருப்புக் குழம்பிலும் இறைச்சித் துண்டு மிதப்பது அங்கே வழக்கம். மதிய உணவு இரண்டு மணிக்கு மேல், இரவு உணவு ஒன்பதுக்கு மேல். முட்டை உண்பவர்களுக்கு உருளைக்கிழங்கு போட்ட முட்டை அடையான தோர்த்தியா துணை நிற்கும், மற்றவர்கள் பாடு திண்டாட்டம். ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர் என்பதால் கோடையிலும் இரவு குளிரும். மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று அவசியம்.

ஏ2 நிலைக்குக் கீழே இருப்பவர்களுக்கு உலாவின் பெரும்பகுதி காதில் விழாமலே போய்விடும். அவர்கள் இன்னும் ஓராண்டு சென்னையிலேயே படிக்கலாம். மற்றவர்கள் முகவரைத் தவிர்த்து, வகுப்பையும் உலாவையும் மட்டும் பள்ளியிடமே பதிவு செய்துகொண்டு, சமையலறை உள்ள மாணவர் விடுதியில் தங்குவது நல்லது. பதிவுக்கு முன், உலாவுக்கு வருபவர் மொழி ஆசிரியரா, வெறும் சுற்றுலா வழிகாட்டியா என்று பள்ளியிடம் மறவாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.