குன்னூர் ரோட்டுக்கு எந்த கீலெஸ் சரி: ரிமோட் மட்டும் போதுமா, பட்டன் ஸ்டார்ட்டும் வேணுமா?

எங்க குடும்பத்துல மூணு வண்டி, மூணுலயும் வெளிய வாங்கி மாட்டுன கீலெஸ் கிட் (சாவிய துவாரத்துல போடாமலே கதவு திறக்கற கிட்) இருக்கு, மூணும் மூணு விதம். என் வண்டில கம்பெனி சென்ட்ரல் லாக் ஏற்கனவே இருந்ததால ரிமோட் மாட்யூல் மட்டும் சேர்த்தேன். அப்பாவோட மாருதி 800ல ஒண்ணுமே இல்ல, அதனால நாலு டோருக்கும் மோட்டார் போட்டு முழு கிட். கோத்தகிரில இருக்கற மச்சான் வண்டில கிட்ட போனாலே கதவு திறக்கற பட்டன் ஸ்டார்ட் கிட். எது நல்லதுன்னு கேக்கறவங்களுக்கு நேரா சொல்லிடறேன், மலைல வண்டி ஓட்டறவங்க லாக்குக்கு மட்டும் ரிமோட் போடுங்க, இக்னிஷன் ஸ்விட்ச் பக்கம் யாரையும் கை வைக்க விடாதீங்க. ஏன்னு ஒவ்வொண்ணா பாக்கலாம்.

முதல்ல என் வண்டி. இதுல வேலை ரொம்ப கம்மி. மாட்யூலுக்கு நிரந்தர 12 வோல்ட் ஒண்ணு, எர்த் ஒண்ணு, லாக்குக்கு ஒரு ஒயர், அன்லாக்குக்கு ஒரு ஒயர், ரெண்டு இண்டிகேட்டருக்கும் தனித்தனியா ரெண்டு, டோர் ஸ்விட்சுக்கு ஒண்ணு, அவ்வளவுதான். இந்த இண்டிகேட்டர் ஒயர் ரெண்டையும் ஒண்ணா முறுக்கி விடற ஆளுங்க இருக்காங்க, அப்படி செஞ்சா லெஃப்ட் போட்டாலும் ரெண்டு பக்கமும் எரியும், கொண்டை ஊசி வளைவுல எதிர்ல வர்றவன் என்னன்னு புரிஞ்சுக்குவான்?

கவனிக்க வேண்டியது லாக் ட்ரிக்கர்தான், அதாவது லாக் பண்ணுன்னு சொல்ற சிக்னல். டிரைவர் டோர் லாக்க அமுக்கும்போது உள்ள இருக்கற கண்ட்ரோல் யூனிட்டுக்கு எர்த் போகுதா இல்ல 12 வோல்ட் போகுதான்னு மல்டிமீட்டர் வச்சு பாக்கணும். மீட்டரோட கருப்ப பாடில வச்சு, சிவப்ப அந்த ஒயர்ல வச்சு, லாக்க அமுக்குனா வோல்ட் விழுந்து பூஜ்யம் ஆச்சுன்னா நெகட்டிவ் ட்ரிக்கர். அமுக்கும்போது மட்டும் 12 வந்தா பாசிட்டிவ். கிட்டுல இருக்கற ரிலே (கரண்ட்ல வேலை செய்யற ஸ்விட்ச்) ஒயர அதுக்கேத்த மாதிரி எர்த்லயோ பாசிட்டிவ்லயோ குடுக்கணும், மாத்தி குடுத்தா ஃபியூஸ் போகும் இல்லன்னா யூனிட்டே போகும். ஒயர் கலர் கிட்டுக்கு கிட்டு மாறும், அதனால "இந்த கலர் எப்பவும் லாக்குதான்"னு சொல்ற ஆள்கிட்ட வண்டிய விடாதீங்க. பல்பு வச்ச டெஸ்ட் லேம்ப்பும் வேண்டாம், அது இழுக்கற கரண்ட் புது வண்டிகளோட எலக்ட்ரானிக் யூனிட்ட பதம் பாத்துரும். மஞ்சள் ஸ்லீவ் போட்ட ஒயர் கண்ணுல பட்டா அத தொடவே கூடாது, பெரும்பாலும் அது ஏர்பேக் ஒயரா இருக்கும்.

இவ்வளவு சுலபமான கிட்டுலயே எனக்கு ஒரு நாள் கஷ்டம் வந்துச்சு. தலைகுந்தா பக்கம் ஜனவரி மாசம் காலைல உறைபனி பாக்க குடும்பத்தோட போயிருந்தோம், புல்லு மேல வெள்ளையா படிஞ்சிருந்தது, பொண்ணு ஓடிட்டா, நான் ரிமோட்ல கதவ திறந்து, ஸ்வெட்டர எடுத்துட்டு, சாவிய சீட்டுல போட்டுட்டு கதவ சாத்துனேன். அரை நிமிஷத்துல டப்புனு சத்தம், நாலு கதவும் லாக். சாவி உள்ள, போன் உள்ள, சின்னவனோட பால் பாட்டில் உள்ள. ரிமோட்ல அன்லாக் பண்ணிட்டு யாரும் கதவ திறக்கலன்னா தானாவே திரும்ப லாக் ஆகற வசதி இந்த மாட்யூல்கள்ல இருக்கு, ஆனா கதவு திறந்ததா இல்லையான்னு அதுக்கு தெரியணும்னா டோர் ஸ்விட்ச் ஒயர குடுத்திருக்கணும். மாட்டுன ஆளு அந்த ஒயர டேப் சுத்தி டேஷ்போர்டுக்குள்ள சொருகிட்டாரு, அதனால நான் கதவ திறந்தது மாட்யூலுக்கு தெரியவே இல்ல. ஊட்டில இருந்து சொந்தக்காரர் ஒருத்தர் ஸ்பேர் சாவி கொண்டு வர்ற வரைக்கும் அந்த குளிர்ல குழந்தைய வச்சுகிட்டு நின்னோம், அத இன்னிக்கு நினைச்சாலும் மனசு பதறுது. அந்த ஒயர் சேர வேண்டிய இடம் ரூம் லைட்டுக்கு போற டோர் ஸ்விட்ச் ஒயர், பத்து நிமிஷ வேலை. கிட் போட்டு முடிச்ச உடனே கண்ணாடிய இறக்கி விட்டுட்டு, ரிமோட்ல அன்லாக் பண்ணி, கதவ திறந்து மூடி, ஒரு நிமிஷம் நின்னு பாருங்க, லாக் ஆச்சுன்னா வேலை முடியலன்னு அர்த்தம்.

அடுத்தது அப்பாவோட 800. டிரைவர் டோர்ல அஞ்சு ஒயர் மோட்டார், மத்த மூணுலயும் ரெண்டு ஒயர் மோட்டார். அஞ்சு ஒயர்ல ரெண்டு மோட்டாருக்கு, மிச்சம் மூணு ஸ்விட்சுக்கு, அதனாலதான் டிரைவர் டோர்ல சாவி போட்டா மத்ததும் கூடவே லாக் ஆகுது. எலக்ட்ரிக்கல விட மெக்கானிக்கல் வேலைதான் இதுல ஜாஸ்தி. மோட்டாரோட கம்பி லாக் கம்பி போற அதே நேர்கோட்டுல இழுக்கணும், கோணலா இருந்தா கொஞ்ச நாள்ல மோட்டார் திணறும். ஓட்டை போடறதுக்கு முன்னாடி கண்ணாடிய முழுசா இறக்கி இடிக்குதான்னு பாக்கணும், போட்ட ஓட்டை விளிம்புல பெயிண்ட் தொட்டு வைக்கணும், இங்க இருக்கற ஈரத்துக்கு துரு சீக்கிரம் ஏறிடும். டோருக்கும் பாடிக்கும் நடுவுல ஒயர் ரப்பர் பூட் வழியாதான் போகணும், இல்லன்னா கதவ திறந்து மூட மூட தகரம் ஒயர அறுத்துரும்.

மழை ஊர்ல முக்கியமான விஷயம் இன்னொண்ணு. டோர் பேட கழட்டுனா உள்ள ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்கும். கண்ணாடி வழியா டோருக்குள்ள இறங்கற தண்ணிய அடில இருக்கற ஓட்டை வழியா வெளிய அனுப்பி, காருக்குள்ள வராம தடுக்கறது அந்த ஷீட்டுதான். மோட்டார் மாட்டறவங்க அத பிளேடால கிழிச்சு தூக்கி போட்டுடறாங்க. அப்பா வண்டிலயும் அதே கதை, அக்டோபர் மழைல ஒரு வாரம் நின்ன வண்டில மேட் அடில கை வச்சா தண்ணி பிழியற அளவுக்கு இருந்துச்சு, பூஞ்சை வாசம் வேற. நானே கனமான பாலிதீன் வாங்கி டோர் அளவுக்கு வெட்டி, ஓரத்துல பியூட்டைல் டேப் வச்சு ஒட்டுனேன், அடி முனைய மட்டும் டோருக்குள்ள சொருகி விட்டேன், தண்ணி உள்பக்கமாவே வழிஞ்சு போகணும்ல. அதுக்கப்புறம் சொட்டு தண்ணி வரல. மாட்யூலயும் கப்ளர் (ஒயர் சொருகற இடம்) பக்கம் கீழ பாக்கற மாதிரி வைக்க சொல்லுங்க, ஒயர் வழியா வர்ற தண்ணி உள்ள இறங்காது.

இப்ப மச்சானோட பட்டன் ஸ்டார்ட். பாக்க நல்லா இருக்கு, பாக்கெட்டுல சாவி இருந்தா போதும், வண்டி 125 கிலோஹெர்ட்ஸ்ல கூப்பிடும், சாவி 433 மெகாஹெர்ட்ஸ்ல பதில் சொல்லும், கதவு திறக்கும். கையில ரெண்டு பை காய்கறியோட மழைல வர்றவங்களுக்கு அது பெரிய நிம்மதின்னு எங்க அக்கா சொல்றா, அத நான் மறுக்கல. ஆனா அதுக்கு என்னென்ன விட்டுக்குடுத்தாங்கன்னு பாருங்க.

சாவி துவாரத்துல இருக்கற ஸ்டியரிங் லாக் மெக்கானிக்கல், பட்டன் அமுக்குனா அது விடுபடாது. அதனால ஒண்ணு சாவிய உள்ளயே சொருகி விடறாங்க, இல்ல லாக் பின்னையே எடுத்துடறாங்க. அதே மாதிரி கம்பெனி இம்மொபிலைசர், மாருதில ஐகேட்ஸ்னு சொல்வாங்களே அதுதான், சாவில இருக்கற சிப்ப பாத்தாதான் இன்ஜினுக்கு அனுமதி குடுக்கும், அத ஏமாத்த ஸ்பேர் சாவியோட சிப்ப காருக்குள்ளயே ஒளிச்சு வைக்கறாங்க. அப்புறம் இம்மொபிலைசர் இருந்தும் இல்லாத மாதிரிதான். வீட்டு சுவர ஒட்டி ரோட்டுல நிறுத்தற ஊர் நம்ம ஊர், உள்ள ஆணில தொங்கற சாவியோட சிக்னல ஆம்ப்ளிஃபையர் வச்சு வெளிய இழுத்தா கதவும் திறக்கும், இன்ஜினும் ஸ்டார்ட் ஆகும்.

இன்னொண்ணு இதவிட பயம். இக்னிஷனோட தடி ஒயர்கள வெட்டி கிட்டோட ரிலே வழியா விடறாங்க. அந்த ஜாயிண்ட்ட ஈயம் வச்சு பத்த வைக்காம முறுக்கி டேப் சுத்தி இருந்தா, கல்லட்டி மாதிரி 36 கொண்டை ஊசி வளைவு இருக்கற இறக்கத்துல ஒரு குலுக்கல்ல இன்ஜின் நின்னுடும், பவர் ஸ்டியரிங் கல்லாகும், பிரேக்க ரெண்டு மூணு தடவை மிதிச்சதுக்கு அப்புறம் மிதிக்கு உதவற பூஸ்டர் காலியாகி மிதி இறுகிடும். மச்சான் வண்டி நல்லவேளையா கட்டபெட்டு கிட்ட சமதளத்துலதான் நின்னுச்சு. நான் பேனல கழட்டி பாத்தப்ப ஒரு ஜாயிண்ட்டுல டேப் கருகி, உள்ள செம்பு கம்பி பாதிதான் பிடிச்சிருந்தது.

பேட்டரி கணக்கும் இருக்கு. ஒரு கிட் சும்மா நிக்கும்போது 20 மில்லி ஆம்பியர் இழுக்குதுன்னு வச்சுக்குங்க, ஒரு நாளைக்கு 0.48 ஆம்பியர் அவர், ஒரு மாசத்துக்கு 14க்கு மேல, 35 ஆம்பியர் அவர் பேட்டரில அது 40 சதவீதத்துக்கு மேல. குளிர்ல பேட்டரியோட சக்தி வேற குறையும். சாதா சாவி வண்டின்னா பேட்டரி தளர்ந்தாலும் இறக்கத்துல உருட்டி செகண்ட் கியர்ல கிளட்ச விட்டா ஸ்டார்ட் ஆயிடும், நம்ம ஊர்ல பாதி பேர் அப்படித்தான் சமாளிக்கறோம். பட்டன் கிட்டுல வோல்ட் ரொம்ப இறங்குனா ரிலேயே பிடிக்காது, இக்னிஷன் ஆன் ஆகாது, உருட்டியும் பிரயோஜனம் இல்ல. வாரக்கணக்குல நிறுத்தறவங்க எந்த கிட் வாங்குனாலும் மில்லி ஆம்பியர அளந்து காட்ட சொல்லுங்க.

ரிமோட் வாங்கும்போது ரோலிங் கோட் இருக்கறதா கேளுங்க, ஒவ்வொரு அமுக்கலுக்கும் கோட் மாறும், நிலையான கோட் ரிமோட்ட சுலபமா காப்பி எடுத்துடலாம். மொபைல் ஆப்ல திறக்கற கிட்டும் வருது, அதுக்காக தனியா செலவு பண்ண எனக்கு காரணம் தெரியல.

மச்சான்கிட்ட பேசி, போன மாசம் இக்னிஷன் ஒயர எல்லாம் பழைய மாதிரி சேர்த்து, பத்த வச்சு, ஸ்லீவ் போட்டு, பட்டன தனியா கழட்டியாச்சு. லாக் பகுதிய மட்டும் விட்டிருக்கோம், அக்காவுக்கு காய்கறி பையோட கதவு திறக்குது. கிட் மாட்டும்போது வெட்டுன ஸ்டியரிங் லாக்குக்கு முழு செட்டே மாத்தணும்னு கோயமுத்தூர்ல சொல்லியிருக்காங்க, அது வர்ற வரைக்கும் வீட்டு வாசல் ஏத்தத்துல வண்டி கியர்ல நிக்குது, பின் டயருக்கு ஒரு கல்லும் வச்சிருக்கோம்.