அந்தியூர் சந்தைக்கு பழைய வண்டியில ஒரு ரைடு: தாராளமா போலாம்

ஆடி மாசம் பழைய பைக் வச்சிருக்கறவங்க சேர்ந்து எங்கயாச்சும் போகணும்னா யோசிக்காம அந்தியூர் குருநாதசாமி கோயில் மாட்டு, குதிரைச் சந்தைக்கு போங்க. நாங்க ஈரோட்டுல கிளம்பி பவானி வழியா யெஸ்டி, ஜாவா, ராஜ்தூத், வலது பக்கம் கியர் இருக்கற பழைய புல்லட்னு வரிசையா போனோம், செம ரைடுங்க, டூ ஸ்ட்ரோக் வண்டின்னா பெட்ரோல்ல கலக்கற ஆயில மட்டும் கையோட எடுத்துக்கோங்க.

சந்தையில மார்வாரி, காத்தியவாரி குதிரைங்க, காங்கேயம் காளைங்க எல்லாம் இருந்துச்சு, ஆனா எனக்கு மனசுல நிக்கறது பக்கத்து மலையோட பர்கூர் மாடுதான், செவப்பு உடம்புல வெள்ளத் திட்டு, அவ்ளோ அழகு. மைசூர்ல யெஸ்டி தயாரிப்பு 1996லயே நின்னு போச்சு, இருந்தாலும் ஸ்டார்ட் பண்ற கிக்கரையே மடக்கி கியர் லீவரா போடறத பாத்து மாட்டு வியாபாரிங்க கூட சுத்தி நின்னு விசாரிச்சாங்க, அந்த ஒரு மணி நேரம் ரொம்ப சந்தோஷம்.

பார்க்கிங்தான் மோசம், புழுதியில ஸ்டாண்டு எறங்குது, கீழ வைக்க சின்ன பலகை வேணும். குதிரை கட்டியிருக்கற பக்கம் வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க, சத்தத்துக்கு மிரளும், ரோடு வரைக்கும் தள்ளிட்டே வந்துருங்க. வெயிலுக்கு முன்னாடி காலையிலயே போயிருங்க, மாடுங்கள நிதானமா பாக்கலாம்.